நீக்கு கட்டளைக்கு ஓர் எடுத்துக்காட்டு

"என்னை எதுக்கும்மா நீக்குனே?"

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பூலாம்பாடியிலிருந்து வந்த போனில் 'நல்லாயிருக்கியா', 'சாப்பிட்டியா' எதுவும் இல்லை. எடுத்த எடுப்பில் இந்தக் கேள்விதான்.

மேகலாவுக்குப் பாதி இட்லி தொண்டையில் நின்றுவிட்டது. பேசுகிறவர் அவள் புருஷனின் சித்தப்பா சின்னதுரை. மக்காச்சோள வியாபாரி. ஒரு லாரி சோளம் நனைந்தால்கூட முகம் சுளிக்காதவர். ஆனால் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயர் ஓர் அங்குலம் கீழே இறங்கிவிட்டது என்று, அழைத்தவர்கள் வீட்டுத் தெரு வழியாகப் பதினொரு வருஷம் நடக்காதவர். பஸ் ஸ்டாண்டுக்கே அந்தத் தெருவழிதான் என்பதால், பதினொரு வருஷமும் பூலாம்பாடியைப் பாதி சுற்றித்தான் பஸ் பிடித்தார்.

"சின்ன மாமா, நான் எங்க உங்கள நீக்குனேன்? குடும்ப குரூப்புக்கு நான் அட்மினே இல்லையே!"

"குரூப்புல இல்லம்மா. உன் கம்பெனி வெப்சைட்டுல! ஒலகமே பாக்குற எடத்துல! மேல பாத்தா மூணு பேரு இருக்கோம். அண்ணன், நான், மாப்ள. அப்புறம் 'நீக்கு சின்னதுரை'ன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ அண்ணன் இருக்காரு, மாப்ள இருக்காரு. நான் எங்கம்மா?"

"ஐயோ மாமா, அது சும்மா எடுத்துக்காட்டு."

"அதான் கேக்குறேன். எடுத்துக்காட்டுக்கு நீக்குறதுக்கு நான்தான் கெடச்சனா?"

"உங்களுக்கு இத யாரு மாமா சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. அதா இப்ப முக்கியம்? இன்னொண்ணு. என்னை எடுத்துட்டீங்க, சரி. எனக்குப் பக்கத்துல இருந்த கமாவ எதுக்கு வச்சிருக்கீங்க? ராசாங்கம், கமா, கமா, அரியமுத்து. என்னை விட அந்தக் கமாவுக்கு மரியாதையா?"

போன் வைக்கப்பட்டது.

மேகலா என்ன வேலை செய்கிறாள் என்று அரியலூரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த மூன்று பேருக்கும் தெரிந்தது மூன்று வேறு வேலைகள். உண்மை இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று 'வரப்பு' என்று ஓர் எடிட்டர் செய்திருந்தது. அச்சகங்களிலும் ஆபீஸ்களிலும் தமிழில் டைப் அடிப்பதற்கான சாப்ட்வேர். ஒரே வேலையை நூறு தடவை கையால் செய்ய வேண்டாம். நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால் வரப்பே செய்துவிடும். அதற்கென்று நூற்றிருபத்தாறு கட்டளைகள். சேர், தேடு, மாற்று, நீக்கு, வரிசையாக்கு என்று எல்லாம் நல்ல தமிழில். எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று சொல்வதற்கு வெப்சைட்டில் ஒரு கையேடு.

அந்தக் கையேட்டை எட்டு வருஷமாக யாரும் தொடவில்லை. அதற்குள் வரப்பு ஐந்து தடவை மாறிவிட்டது. பழைய கையேட்டை நம்பி ஸ்கிரிப்ட் எழுதிய ஓர் அச்சகத்தில், மாப்பிள்ளை பெயர் வரவேண்டிய இடத்தில் கல்யாண மண்டபத்தின் பெயர் வந்து, ஐந்நூறு பத்திரிகையும் ஊருக்குள் போய்விட்டதாம். பெண் தாலி கட்டிக்கொண்டது மண்டபத்துக்கா மாப்பிள்ளைக்கா என்று சீர்வரிசை வைக்கும்வரை சந்தேகம் இருந்ததாகக் கேள்வி.

அந்தக் கையேட்டைத் திருத்திப் புதுப்பிப்பதுதான் மேகலாவின் வேலை. அரியலூரில் வீட்டிலிருந்தே. முந்தின நாள், திங்கட்கிழமை, மேனேஜர் காமில் கூப்பிட்டிருந்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், சென்னையில் குடியிருப்பவர். மேகலாவின் வீட்டில் சமையற்கட்டு வாசற்படியில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அதுவும் ஸ்பீக்கரில் போட்டுப் போனை உயரப் பிடித்தால்தான். உள்ளே மாமியார் ரத்தினம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வெங்காயம் உரிக்காத நேரம் என்று ஒன்று இருந்ததாக யாரும் பார்த்ததில்லை.

"மேகலா, ரெண்டே விஷயம்," என்றார் காமில். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நூத்தி இருபத்தாறு கட்டளையும் முடிஞ்சிருக்கணும். அது ஒண்ணு. இன்னொண்ணு, அத மனுஷங்க படிக்கணும். போன மாசம் கையேட்ட மொத்தம் பதினோரு தடவ தொறந்திருக்காங்க. அதுல ஏழு தடவ நீங்க."

"மீதி நாலு சார்?"

"நான். படிக்க ஆளில்லாத கையேட்டுக்கு ஒரு ஆளு எதுக்குன்னு மேல கேக்குறாங்கம்மா. வெள்ளிக்கிழமை கணக்குப் பாப்பாங்க. ஆயிரம் பேராச்சும் படிச்சிருக்கணும். இல்லன்னா இந்த வேலையே கெடையாது. திங்கக்கிழமைலருந்து நீங்க சென்னைக்கு வந்து கஸ்டமர் கேர்ல உக்காரணும். நான் என்ன செய்யட்டும், என் கையில இல்ல."

சென்னைக்கு! புருஷன் இளவரசனுக்கு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. ஆலையைத் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது. அவன் இங்கே, அவள் அங்கே, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் முகம் பார்ப்பது என்று ஆகிவிடும்.

"பாத்தீங்களா அத்தை," என்றாள் மேகலா, போனை வைத்துவிட்டு.

"போறதுன்னா போ. எனக்கென்ன, ஒரு தட்டு கழுவுற வேலை மிச்சம்," என்றாள் ரத்தினம்மாள், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

மேகலா பல்லைக் கடித்தாள். ஆயிரம் பேர் படிப்பதற்கு அவள் என்ன செய்ய முடியும்? ரோட்டில் போகிறவரைப் பிடித்து இழுத்தா படிக்க வைப்பாள்? ஆனால் முடிப்பது அவள் கையில் இருந்தது. வானம் இடிந்து வரப்பின் மேலே விழுந்தாலும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் முடித்தே தீருவது என்று அப்போதே தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். வெள்ளிக்கிழமைவரை அந்தக் கொண்டையை அவிழ்க்கவில்லை.

பழைய கையேட்டில் எடுத்துக்காட்டெல்லாம் 'அஅஅ, ஆஆஆ' என்று பல் டாக்டரிடம் வாய் திறந்த மாதிரி இருந்தது. மனுஷப் பெயர்களாகப் போட்டால் படிக்கிறவருக்குப் புரியுமே என்று, வாயில் முதலில் வந்த மூன்று பெயர்களை மேகலா போட்டாள். ராசாங்கம், சின்னதுரை, அரியமுத்து. புருஷனின் பெரியப்பா, சித்தப்பா, அக்காள் வீட்டுக்காரர். எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது அவள் வழக்கம். 'நீக்கு சின்னதுரை. விளைவு: சின்னதுரை இல்லை' என்று திங்கட்கிழமை சாயங்காலம் அவள் படித்தது தெருமுனைவரை கேட்டது. உடனே பொத்தானை அழுத்தினாள். பக்கம் வெப்சைட்டில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலையில் சின்னதுரை இறங்கிவிட்டார்.

போன் வந்த பிறகு மேகலா முதலில் அந்தக் கமாவைச் சோதித்துப் பார்த்தாள். நிஜந்தான்! புதிய வரப்பில் நடுவில் ஒரு பெயரை நீக்கினால் கமா தனியாக நின்றுவிடுகிறது. கம்பெனியில் இரண்டு வருஷமாக ஒருவர் கண்ணிலும் படாதது. அதைத் துடைக்க 'தூய்மை' என்று சேர்த்து எழுத வேண்டும் என்று கையேட்டில் ஒரு குறிப்பு எழுதினாள். பிறகு சின்னதுரையைத் திரும்ப உயிர்ப்பித்து, அவருக்குப் பதிலாக ராசாங்கத்தை நீக்கினாள். பெரிய மாமா ஜெயங்கொண்டத்தில் இருக்கிறார். அவருக்கு அறுபத்தெட்டு வயசு. வெப்சைட்டுப் பக்கமெல்லாம் வரமாட்டார்.

வெப்சைட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டுப் பக்கம் வந்தார்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில். தோளில் துண்டு, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, கையில் மகனின் பெரிய போன்.

"வாங்க மாமா, உக்காருங்க."

"உக்காரலாமா? இருக்கனா நான்? நேத்து சாயங்காலமே போயிட்டேன்னு கேள்விப்பட்டனே!"

"மாமா..."

"மூத்தவன் நான். இளையவன வச்சிக்கிட்டு மூத்தவன நீக்கிருக்கே. எங்கப்பா செத்தப்ப கொள்ளி வச்சது யாரு? நானு. அவன் அப்ப பந்தல்காரன்கிட்ட பேசிக்கிட்டு நின்னான். கேளு உன் மாமியாகிட்ட."

ரத்தினம்மாள் சமையற்கட்டிலிருந்தே சொன்னாள்: "ஆமாமா, பெரியவருதான் வச்சாரு. மேகலா, நீ இப்பிடிப் பண்ணியிருக்கக் கூடாது." சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மேகலா அந்த நிமிஷமே நீக்கு கட்டளையிலிருந்து எல்லா மாமாக்களையும் எடுத்துவிட்டுக் கத்திரிக்காய், முருங்கைக்காய், வெங்காயம் என்று போட்டாள். முருங்கைக்காயை நீக்கினாள். முருங்கைக்காய்க்கு அண்ணன் தம்பி கிடையாது.

"இது சரி," என்றார் ராசாங்கம். "வேற எங்கயாச்சும் நான் இருக்கனா?"

"அம்பது எடத்துல இருக்கீங்க மாமா."

"அப்ப பாத்துட்டே போறேன்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் கட்டளையிலிருந்து ஆரம்பித்தார். காபி வந்தது, ஆறியது. மூன்றே முக்கால் மணி நேரம். எழுதியிருந்தவரை தொண்ணூற்றெட்டுக் கட்டளைகளையும் ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். அந்தக் கையேடு பிறந்த நாளிலிருந்து அதை முழுக்கப் படித்த முதல் மனுஷப் பிறவி அவர்தான். எழுதிய மேகலாவே அவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை. வழியில் இரண்டு எழுத்துப் பிழை, ஒரு தவறான எண் எல்லாம் கண்டுபிடித்துச் சொன்னார். கடைசியில், 'வரிசையாக்கு' கட்டளைக்குத் திரும்பி வந்து விரலை வைத்தார்.

"அரியமுத்து, சின்னதுரை, ராசாங்கம். நான் ஏன் கடைசி?"

"அது அகரவரிசை மாமா. 'அ' மொதல்ல வரும், 'ரா' கடைசியில வரும்."

"எங்க குடும்பத்துல வயசு வரிசைதான். எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து."

"வரப்புக்கு உங்க வயசு தெரியாதே மாமா."

"சொல்லிட்டுப் போறேன். எழுதிக்க. அறுவத்தெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம்."

மேகலா யோசித்தாள். 'வரிசையாக்கு' கட்டளையோடு 'தலைகீழ்' என்று சேர்த்தால் கடைசியில் இருப்பது முதலில் வந்துவிடும். கையேட்டில் அந்த வசதிக்கு எடுத்துக்காட்டே இல்லை. ஒரே கல்லில் இரண்டு வேலை முடிந்தது. ராசாங்கம், சின்னதுரை, அரியமுத்து. பெரிய மாமா மனம் குளிர்ந்து, ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்த இளவரசன் திரையை எட்டிப் பார்த்தான். சிமெண்ட் தூசியில் அவன் புருவம்கூட நரைத்திருந்தது.

"மச்சான கடைசியில போட்டுருக்கியா?" என்றான்.

"ஏங்க, அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல. அவருக்குத் தெரியாதவரைக்கும் ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

வியாழக்கிழமை காலை வாசலில் பைக் நின்றது. அரியமுத்து. அந்த வீட்டு மாப்பிள்ளை. அவரும் அதே ஆலையில்தான் வேலை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும், அவர் பைக் சத்தம் கேட்டால் ரத்தினம்மாள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொள்வாள்.

"வாங்கண்ணே. உக்காருங்க, காபி போடுறேன்," என்றாள் மேகலா.

"வேணாம்."

"மோர்?"

"வேணாம்."

"தண்ணியாச்சும்..."

"தண்ணியும் வேணாம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்த ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை கத்தினால் பயமில்லை. காபி வேண்டாம் என்றால் கவலை. மோர் வேண்டாம் என்றால் ஆபத்து. தண்ணீரும் வேண்டாம் என்றால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இல்லை என்று அர்த்தம்.

"அண்ணே, அந்த வரிசையப் பத்தியா..."

"நான் ஒண்ணும் கேக்கலம்மா. மாப்ளைய எங்க போடணும்னு உங்களுக்குத் தெரியாதா? கடைசியில போட்டுருக்கீங்க. கடைசியிலயும் ஒரு எடம் இருக்குல்ல, அதுவே போதும்." அவர் நின்றுகொண்டே ஹெல்மெட்டை ஒரு தடவை துடைத்தார். "நம்ம செக்ஷன்ல இருவது பேரு. எல்லாரும் பாத்துட்டாங்க. நான் வரேன்."

பைக் போய்விட்டது. ரத்தினம்மாள், "போச்சு போ, இனி பொண்ணு தீவாளிக்கு வந்த மாதிரிதான்," என்று பெருமூச்சு விட்டாள்.

மேகலா உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எல்லா உறவினரையும் தூக்கினாள். எல்லாவற்றிலும் காய்கறி. தேடு கத்திரிக்காய். மாற்று முருங்கைக்காய். வரிசையாக்கு வெங்காயம்.

அரை மணி நேரம்தான் ஊர் அமைதியாக இருந்தது.

முதல் போன் சின்னதுரை. "என்னம்மா, எங்க பேரு இருந்த எடத்துல கத்திரிக்கா? நாங்க கத்திரிக்காய்க்குச் சமமா?"

இரண்டாவது போன் ராசாங்கம். "மூணே முக்கா மணி நேரம் படிச்சனே, அதுக்கு இதுவா?"

மூன்றாவது போன் ரெட்டிபாளையத்திலிருந்து நாத்தனார். மாப்பிள்ளை இப்போது வீட்டிலும் தண்ணீர் வேண்டாம் என்கிறாராம்.

இதற்கிடையில் காமிலிடமிருந்து மெசேஜ். 'காய்கறி வேணாம். மார்க்கெட் லிஸ்ட்டுன்னு சிரிக்கிறாங்க. எல்லாப் பக்கத்துலயும் ஆள் பெயரே இருக்கட்டும்.'

சரி, உறவே இல்லாத ஒரு பெயரைப் போடுவோம் என்று கண்ணை மூடி யோசித்து, நீக்கு கட்டளைக்கு 'நைனா முகமது' என்று போட்டாள். நாலாவது நிமிஷம் காமிலே கூப்பிட்டார்.

"மேகலா, அது எங்க வாப்பா பேரு."

"ஐயையோ! மன்னிச்சிருங்க சார்!"

"நான் மன்னிச்சிருவேன். அவரு ஊர்ல அந்தப் பக்கத்தத் தொறந்து போன கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு."

மேகலா எழுந்து முகத்தைக் கழுவினாள். கொண்டையை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். கல்யாணப் பத்திரிகைக்கு உட்காருவது போல ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உறவுமுறையெல்லாம் எழுதி, யாருக்கு எந்தக் கட்டளை என்று பிரிக்க ஆரம்பித்தாள். 'தொடங்கு' கட்டளையை ராசாங்கத்துக்குக் கொடுத்தாள். மூத்தவர் இல்லாமல் எது தொடங்கும்? 'பெரிதாக்கு' மாப்பிள்ளைக்கு. அரியமுத்து என்ற பெயர் பக்கத்தின் அகலத்துக்கு, முச்சந்தியில் வைத்த பேனர் போல வந்து நின்றது. பத்தாவது நிமிஷம் அவர் ஒரு செம்பு தண்ணீர் குடித்ததாக நாத்தனாரிடமிருந்து தகவல் வந்தது. 'இரட்டி' சின்னதுரைக்கு. விளைவு: சின்னதுரை சின்னதுரை. "ரெண்டு தடவயா!" என்று அவர் போனில் குலுங்கிச் சிரித்தது, ஸ்பீக்கரே போடாமல் வீடு முழுக்கக் கேட்டது.

இப்படியே நூற்றிருபத்தைந்து கட்டளைகள் முடிந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று. நீக்கு.

அதற்கு யாரும் முன்வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மேகலா ஒரு முடிவுக்கு வந்தாள். தன் பெயருக்குத் தானே சொந்தக்காரி. யார் கேட்கப் போகிறார்கள்? 'நீக்கு மேகலா' என்று அடித்தாள். உரக்கப் படித்தாள். "விளைவு: மேகலா இல்லை." பொத்தானை அழுத்திவிட்டு, வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வாசலில் ஒரு வேன் நின்றது. ஆண்டிமடத்திலிருந்து அவளுடைய அம்மா, அப்பா, இரண்டு சித்தப்பா, ஒரு மூட்டை முந்திரி. அம்மா வேனிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு இறங்கினாள்.

"மாமியா வூட்ல உன்ன நீக்கிட்டாங்களாமே! கழுத்துல தாலியோட ஒருத்தி உயிரோட இருக்கறப்ப, 'மேகலா இல்லை'ன்னு எழுதி ஒலகத்துக்கே காமிச்சிருக்காங்களே!"

"அம்மா, அத எழுதுனதே நான்தாம்மா!"

"எழுத வச்சிருப்பாங்க! மொதல்ல நான் நம்பவே இல்லடி. அப்புறம் பக்கத்து வூட்டு டீச்சர்கிட்ட சொல்லித் தொறந்து பாத்தா, கொட்டை எழுத்துல இருக்கு. உன் பேரும் இல்ல, பக்கத்துல ஒரு கமாகூட இல்ல!"

"கமா இல்லாததுதாம்மா சரி. அதுக்குத்தான் 'தூய்மை'ன்னு..."

"தூய்மையா தொடைச்சிட்டாங்களாங்க!" என்று அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்தாள்.

ஆண்டிமடம் வேன் வந்த செய்தி எப்படித்தான் பரவியதோ, நாலு மணிக்குப் பூலாம்பாடியும், நாலு பத்துக்கு ஜெயங்கொண்டமும், நாலேகாலுக்கு ரெட்டிபாளையமும் வந்து இறங்கின. கூடத்தில் உட்கார இடமில்லை. நடுவில் நாற்காலியில் லேப்டாப், அதைச் சுற்றிப் பஞ்சாயத்து. அத்தனை பேர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்ததில் லேப்டாப்புக்கே வியர்த்திருக்கும்.

"எங்க பொண்ணு பேர எடுத்துட்டு வேற பேரு போடுங்க," என்றார் அப்பா.

"யாரு பேர? என் பேர நான் குடுக்க மாட்டேன். ஒரு தடவ போயிட்டு வந்தாச்சு," என்றார் சின்னதுரை.

"நீ ஒரு நாளுதான் போனே. எனக்கு அறுவத்தெட்டு வயசுடா, என்னையும் தூக்குனாங்க," என்றார் ராசாங்கம்.

"உங்களுக்குத்தான் 'தொடங்கு' குடுத்துட்டாங்களே! அது மொத பக்கம்!"

"உனக்கு ரெண்டு தடவ போட்டிருக்கு. நான் கேட்டனா? ஒரு பேருக்கு எதுக்குடா ரெண்டு?"

அரியமுத்து, நாத்தனார் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கி, குடிப்பதா வேண்டாமா என்று நிலைமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி நாலு நாற்பத்தைந்து. மேகலா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! அஞ்சு மணிக்குள்ள இந்த ஒரு பக்கம் முடியலன்னா எனக்கு இங்க வேலை இல்ல. திங்கக்கிழமை நான் சென்னையில. இவரு இங்க. அப்ப நெசமாவே 'மேகலா இல்லை'தான். யாராச்சும் ஒருத்தர் பேரு குடுங்க. வெறும் எழுத்து! யாரும் செத்துப் போயிட மாட்டீங்க!"

பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

சமையற்கட்டு வாசற்படியில் முறம் வைக்கிற சத்தம் கேட்டது. ரத்தினம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என் பேரப் போடு."

"அத்தை!"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. இருந்தா என்ன, எடுத்தா என்ன, என் கண்ணுல படவா போவுது? நீக்கிட்டு வெளக்கேத்துற வேலையப் பாரு, பொழுதாச்சு."

மேகலாவின் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "சம்பந்தி, உங்களப் போயி..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் மறுபடி அழுதாள். அரியமுத்து தண்ணீரைக் குடித்தார்.

ராசாங்கம், ரத்தினம்மாள், சின்னதுரை, அரியமுத்து. நீக்கு ரத்தினம்மாள். தூய்மை. மேகலா இந்தத் தடவை உரக்கப் படிக்கவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பொத்தானை அழுத்தினாள். நூற்றிருபத்தாறு.

ஐந்தே காலுக்குக் காமில் கூப்பிட்டார். மேகலா வாசற்படிக்கு ஓடிப் போனை உயர்த்திப் பிடித்தாள். பின்னாலேயே பதினெட்டுப் பேரும் சமையற்கட்டு வாசலில் நெருக்கியடித்தார்கள்.

"மாஷா அல்லாஹ்! மேகலா, என்ன பண்ணீங்க நீங்க?"

"என்ன சார், தப்பாப் போச்சா?"

"மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேரு! நீக்குப் பக்கத்துல மட்டும் ஆளுக்குப் பத்து நிமிஷம் நின்னு படிச்சிருக்காங்க. பூலாம்பாடி, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், சிங்கப்பூரு. எங்க வாப்பா சொல்லி எங்க ஊரே படிச்சிருக்கு. துபாய்லருந்து எங்க மச்சான் உபைத் போன் போட்டு, 'கடைசியில யாரத்தான் நீக்குனாங்க'ன்னு கேக்குறாரு. அந்தக் கமா பிழையச் சொன்னீங்கல்ல, அதுக்கு மேலருந்து தனியாப் பாராட்டு. இந்த வேலை உங்களுக்கு நிரந்தரம்மா. அரியலூர்லயே இருங்க, எங்கயும் வர வேணாம்!"

அங்கே எழுந்த கூச்சல் ரெட்டிபாளையம் ஆலைச் சங்கின் சத்தத்தை அமுக்கிவிட்டது. கமாவைக் கண்டுபிடித்தது தான்தான் என்று சின்னதுரை எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னார். அவருக்குத்தான் 'இரட்டி' ஆயிற்றே. அரியமுத்து கேட்டு வாங்கிக் காபி குடித்தார். முந்திரி மூட்டை பிரிக்கப்பட்டது. ஆறரை மணிக்கு வேனும் பைக்கும் பஸ்ஸுமாக எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

மேகலா சமையற்கட்டுக்கு வந்து, மாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவிழ்த்த கொண்டை தோளில் சரிந்தது. முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துத் தானும் உரித்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது அத்தை. ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. சோள வெலையத் தவிர எதையும் பாக்காத சின்ன மாமாவுலருந்து ஆண்டிமடத்துல இருக்கிற எங்கம்மாவரைக்கும், ஒவ்வொருத்தருக்கும் உடனுக்குடனே போன் போட்டுச் சொன்னது யாரு?"

ரத்தினம்மாள் இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து, சார்ஜில் போடச் சொல்லி மருமகளிடம் நீட்டினாள்.

"படிக்க ஆயிரம் பேரு வேணும்னு அந்தத் தம்பி சொன்னப்பவே ஆரம்பிச்சிட்டேன், மத்தவங்களுக்கெல்லாம் ஒரு தடவ போட்டதே போதும், உங்கம்மாவுக்குத்தான் ரெண்டு தடவ போட வேண்டியதாப் போச்சு, மொத தடவ நம்பவே மாட்டேன்னுட்டாங்க."